ரேடியேட்டரில் மஞ்சள்

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுகிறவனை நான் மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன். சமையல்காரன் என்று சொல்வேன். சமையல்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற நீங்கள் மஞ்சளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது டப்பாவில் பச்சையாக ஏதோ ஊற்றுகிறீர்கள். ஓட்டையை அடைக்க டியூபில் மருந்து வருகிறதாம். பெயர் மாறியிருக்கிறது. புத்தி மாறவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் ஊற்றுகிற எதுவும் மஞ்சள்தான்.

அறுபதுகளில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எல்லா ஷெட்டிலும் இதுதான் வைத்தியம். இன்ஜினில் தண்ணீர் குறைகிறதா, ஒரு பிடி மஞ்சள் தூள். அது ஊறி, உப்பி, பொத்தலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரேடியேட்டரில் ஊசி முனைப் பொத்தல் என்றால் நிற்கவும் செய்யும். இல்லையென்று சொல்லவில்லை. ஒரு முறை நின்றுவிட்டது. அது போதும் நம் ஆட்களுக்கு. பிறகு பம்ப் ஒழுகினாலும் மஞ்சள், ஹோஸ் கிழிந்தாலும் மஞ்சள். கேழ்வரகு மாவு போட்டவனைப் பார்த்திருக்கிறேன். புகையிலையை உதிர்த்துப் போட்டவனைப் பார்த்திருக்கிறேன். முட்டை உடைத்து ஊற்றிய ஒரு மகான் இருந்தார். அந்த வண்டி என்னிடம் வந்தபோது ரேடியேட்டருக்குள் ஆம்லெட் இருந்தது.

நான் சொல்ல வந்தது காதர் பாய் வண்டியைப் பற்றி.

அப்போது எனக்குச் சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்ன ஷெட். பக்கத்தில் சலூன். காதர் பாய்க்குக் கடலூர் பழைய டவுனில் கருவாட்டு வியாபாரம். ஒரு கார் வைத்திருந்தார். யுத்தத்துக்கு முன்னால் வந்த சீமைக் கார். கறுப்பு. பெயின்ட் மட்டும் பளபளக்கும். பழைய டவுன் கிணற்று உப்புத் தண்ணீரையே குடித்து வளர்ந்த இன்ஜின். உள்ளே எப்படி இருக்கும் என்று பாய் ஒரு நாளும் யோசித்ததில்லை. தினம் துடைப்பார். துடைத்தால் வண்டி ஓடும் என்று நினைக்கிற ஜாதி ஒன்று உண்டு. அதில் அவர் தலைவர்.

அன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தக் கார் ஆவி பறக்க என் ஷெட் வாசலில் வந்து நின்றது. பாய்தான் ஓட்டி வந்தார். பக்கத்தில் கடலூர் மேஸ்திரி ஒருவர். தூரப் பயணம் என்றால் கூடவே மெக்கானிக்கைக் கூட்டிப்போவது அப்போது ஒரு கௌரவம். பின்சீட்டில் பாயின் சம்சாரம் ஜெய்னம்பு, அந்த அம்மாவின் தம்பி இஸ்மாயில். கூரை மேல் டிரங்குப் பெட்டி, கோரைப்பாய்ச் சுருள், கருவாட்டு டின்.

இஸ்மாயிலுக்குப் பினாங்கில் ஒரு கடையில் வேலை. லீவில் வந்தவர் திரும்பிப் போகிறார். நாகப்பட்டினத்தில் கப்பல். கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நிற்கும். படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். கடைசிப் படகு சாயங்காலம். அது போய்விட்டால் கப்பலைக் கண்ணால் பார்க்கலாம், ஏற முடியாது. திரும்ப உள்ளே விட அந்த நாட்டுக்காரன் கொடுத்த அனுமதிக்குத் தவணை இருந்தது. அடுத்த கப்பல் வருவதற்குள் அது தீர்ந்துவிடும். தீர்ந்தால் வேலையும் இல்லை, பினாங்கும் இல்லை. கடலூரில் கருவாடுதான்.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம். கப்பல் ஏறுகிறவனை அக்கா புருஷன்தான் துறைமுகம் வரை கொண்டுபோய் விடுவார். காதர் பாய் அதைத் தன் சொந்தக் காரில் செய்யப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். இதுதான் அன்றைக்கு வந்த வினை.

பாய் இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷெட்டைப் பார்த்துச் சொன்னார்.

"மேஸ்திரி, ரெண்டு பக்கெட் தண்ணி. ஒரு பிடி மஞ்சத்தூள். வேற ஒண்ணும் வாணாம். நாங்க கெளம்பிடுவோம்."

"மஞ்சத்தூளு எதுத்தாப்ல மளிகைக் கடையில கெடைக்கும் பாய்."

கடலூர் மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. வலது கையில் ஈரத் துண்டு சுற்றியிருந்தார். இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"என்னா தம்பி, கிண்டலா? நீ ஸ்பேனர் புடிக்கறதுக்கு முன்னாடியே நான் லாரி இன்ஜின் எறக்கினவன்."

"எறக்கினீங்க. திரும்ப ஏத்தினீங்களா?"

இஸ்மாயில் சிரித்துவிட்டார். பாய் முறைத்தார்.

"கையில என்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. புதுச்சத்திரத்துல மூடிய தொறக்கசொல்ல லேசா தெறிச்சிது."

கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறார். லாரி இன்ஜின் இறக்கினவர். ஆவி ஆள் பார்த்து அடிக்காது. அனுபவம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அடிக்காது. நீங்களும் திறப்பீர்கள். அவசரத்தில் எல்லோரும் திறப்பார்கள். அதனால்தான் அவசரம் என்று வருகிற வண்டியில் நான் முதலில் எதையும் தொடுவதில்லை. பானெட்டை மட்டும் தூக்கிவிட்டு ஒரு பீடி பற்ற வைப்பேன். பார்க்கிறவனுக்கு வயிறு எரியும். எரியட்டும். இன்ஜின் ஆறுகிற வரை செய்ய வேண்டிய வேலை பார்ப்பதுதான்.

"பீடி குடிக்கற நேரமா இது?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

கீழே குனிந்து பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. ஹோஸ் நன்றாக இருந்தது. பம்பில் ஈரம் இல்லை. ஆயில் குச்சியை உருவினேன். ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது, வெளுக்கவில்லை. அப்படியானால் தண்ணீர் ஆயிலில் கலக்கவில்லை. பின்னால் வந்த புகையும் வெள்ளை இல்லை. ஆனால் தண்ணீர் போகிறது. பழைய டவுனில் நிறைய ஊற்றினார்கள், புதுச்சத்திரத்தில் ஊற்றினார்கள், முட்லூரில் ஊற்றினார்கள். எல்லா இடத்திலும் கூடவே மஞ்சள்.

"எங்க ஒழுவுதுன்னு பாத்தீங்களா?" என்று கடலூர் மேஸ்திரியைக் கேட்டேன்.

"ரேடியேட்டர்தான். வேற எங்க ஒழுவும்?"

"ரேடியேட்டர்ல ஈரமே இல்லியே."

"அதான் மஞ்ச போட்டு அடைச்சிட்டனே!"

"அடைச்சிட்டீங்கன்னா ஏன் கொதிக்குது?"

"இன்னும் கொஞ்சம் மஞ்ச போடணும்."

இந்த மாதிரி ஆளோடு பேசி ஜெயிக்க முடியாது. அவருடைய வைத்தியம் பலித்தாலும் மஞ்சள், பலிக்காவிட்டாலும் மஞ்சள். உங்களிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். பேர் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியும்.

நான் பின்சீட்டுப் பக்கம் போனேன். வண்டி ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்கிறான். பக்கத்தில் உட்காருகிறவன் ஓட்டுகிறவனுக்குப் புத்தி சொல்கிறான். பின்னால் சும்மா உட்கார்ந்து வருகிறவர்களுக்குத்தான் வண்டியைப் பற்றித் தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

"வர்ற வழியில ஏதாவது சத்தம், வாசன?" என்று கேட்டேன்.

இஸ்மாயில் அக்காவைப் பார்த்தார். ஜெய்னம்பு அம்மா, புருஷன் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"மஞ்ச கருவற வாசன. ஆலப்பாக்கத்துலேயே சொன்னேன். அடுப்புல கொழம்பு அடிப்புடிச்சா வரும் பாருங்க, அந்த நாத்தம். சொன்னதுக்கு நீ வாய மூடிக்கினு வான்னாங்க. சரி, ஆம்பளைங்க சேந்து சமைக்கறாங்க, நமக்கென்னான்னு மூடிக்கினேன்."

"நீ சும்மா இரு" என்றார் பாய்.

"இவ்ளோ தூரம் சும்மாதான் வந்தேன். மஞ்ச போட்டு மஞ்ச போட்டு, இது என்னா வண்டியா மீன் கொழம்பா?"

எனக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது. ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. அங்கே ஒழுகினால் மஞ்சள் தரையில் சொட்டும், கருகாது. கருகுகிறது என்றால் சூடான இரும்பில் விழுகிறது. வாசனை உள்ளே வருகிறது என்றால் இன்ஜினின் பின்பக்கம், டிரைவர் காலுக்கு முன்னால் இருக்கிற தடுப்பை ஒட்டி.

சலூனில் போய் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை வாங்கிவந்தேன். பாதி சவரத்தில் இருந்தவர் திட்டினார். கண்ணாடியை இன்ஜினுக்குப் பின்னால் விட்டுச் சாய்த்தேன். தெரிந்தது.

இன்ஜின் வார்ப்பில் சில வட்ட ஓட்டைகள் இருக்கும். அவற்றைத் தகரத் தட்டு வைத்து அடித்து அடைத்திருப்பார்கள். உள்ளே தண்ணீர். அந்தத் தட்டுகளில் கடைசித் தட்டு உப்பில் அரித்து அப்பளமாகியிருந்தது. அதன் விளிம்பிலிருந்து ஒரு மஞ்சள் கோடு இறங்கி, சூட்டில் கருகிப் பொருக்காகியிருந்தது. வண்டி ஓடும்போது தண்ணீர் கசிகிறது, விழுந்த இடத்திலேயே ஆவியாகிவிடுகிறது. தரைக்கு வருவதே இல்லை. மஞ்சள் அந்தத் தட்டை அடைக்கவில்லை. ரேடியேட்டர் குழாய்களைத்தான் அடைத்துவிட்டது. வந்த நோய் ஒன்று. மேஸ்திரி கொடுத்த நோய் இன்னொன்று.

கடலூர் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கண்ணாடியில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாத்தியா, என் மஞ்சதான் காட்டிக் குடுத்திருக்கு" என்றார்.

நான் கண்ணாடியைச் சலூனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் விஷயம். இதுவரை சொன்னது யாரும் கற்றுக்கொள்ளலாம்.

அந்தத் தட்டை மாற்ற கை நுழையாது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்களைக் கம்பியால் குத்தி அடைப்பை எடுக்க வேண்டும். அன்றைக்கு நடக்காது. அது பாய்க்கும் புரிந்தது. ஆனால் அவர் வேறு கேள்வி கேட்டார்.

"மாத்த வாணாம் மேஸ்திரி. இப்படியே போனா நாகப்பட்டினம் போவுமா, போவாதா? அத்த மட்டும் சொல்லுங்க."

கடலூர் மேஸ்திரி முந்திக்கொண்டார். "கேன்ல தண்ணி வச்சிக்கினு ஊத்தி ஊத்தி போயிடலாம் பாய். நான்தான் கூட இருக்கேன்ல."

"நீங்க கூட இருக்கறதுதான் பயமா இருக்கு" என்றேன்.

போயிருக்கலாம். அதை மறைக்க மாட்டேன். தட்டு நாகப்பட்டினம் வரை தாங்கியிருக்கலாம். தாங்கியிருந்தால் நான் மடையன், கடலூர்க்காரர் மகான். தாங்காவிட்டால் தட்டு தெறித்து, கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீர் மொத்தமும் ரோட்டில் கொட்டி, இன்ஜின் பிடித்துக்கொள்ளும். எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வாடகைக் கார் தேடினேன். முகூர்த்த நாள். ஸ்டாண்ட் காலி.

எதிரே பஸ் ஸ்டாண்டில் நாகப்பட்டினம் பஸ் நின்றது. கண்டக்டர் "சீர்காழி, காரைக்கால், நாகூர், நாகை" என்று கத்திக்கொண்டிருந்தார். டிரைவர் டீக்கடையில் இருந்தார். டீ கிளாஸில் பாதி இருந்தது.

இதைக் கவனியுங்கள். வண்டி நம்மிடம் வந்தால் வண்டியைச் சரி செய்வதுதான் வேலை என்று நினைக்கிறோம். கர்வம். பானெட்டுக்குள் தலையை விட்டால் ஊர் உலகம் மறந்துவிடும். வந்தவனுக்கு என்ன வேண்டும் என்று தலையை வெளியே எடுத்துப் பார்க்கிறவன் குறைவு. இஸ்மாயிலுக்கு வேண்டியது படகு. காரை வைத்து அவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

"பாய்," என்றேன், "கப்பல் ஏறப்போறது காரா, ஆளா?"

"என்னா பேசற நீ?"

"தம்பிய பஸ்ல ஏத்துங்க. பஸ்ஸு எடுக்கப் போறான்."

பாய் முகம் சிவந்துவிட்டது. "பஸ்லயா? எங்க மச்சான பஸ்ல அனுப்பிட்டு நான் எந்த மொகத்த வச்சிக்கினு தெருவுக்குள்ள போவேன்? கொண்டுபோய் வுடறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"மச்சான்," என்றார் இஸ்மாயில் மெதுவாக, "நான் பஸ்லயே..."

"நீ வாய தொறக்காத. ஏறு வண்டில. மேஸ்திரி, தண்ணி ஊத்துங்க."

இஸ்மாயில் பயந்த ஆள். அக்கா புருஷன் பேச்சைத் தட்டிப் பழக்கம் இல்லாதவர். கால் கார்ப் பக்கம் திரும்பிவிட்டது. கடலூர் மேஸ்திரி ஒரு கையால் பக்கெட்டைத் தூக்கினார். டீக்கடையில் டிரைவர் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

நான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே இருக்கிற ரோட்டரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விரல் அளவுச் சாமான். அது இல்லாமல் வண்டி நகராது.

பாய்க்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் என் சட்டையைப் பிடித்தார்.

"எங்க வண்டிய நிறுத்த நீ யாருடா?"

"யாருமில்ல பாய். பஸ் போனப்பறம் குடுத்துடறேன்."

"திருட்டுப் பயலே!"

"செரி பாய்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. சலூன்காரர் கத்தியோடு வந்து நின்றார். முகத்தில் பாதி சோப்போடு அந்த ஆளும் வந்தார். யார் பக்கம் என்று தெரியாமலே இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். பஸ் ஹார்ன் அடித்தது.

ஜெய்னம்பு அம்மா காரை விட்டு இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை. கார் படியில் கால் வைத்து ஏறி, கூரையில் இருந்த கயிற்றை அவிழ்த்தார்.

"தம்பி, பொட்டிய புடி. மேஸ்திரி, நீங்க அந்த டின்ன எடுங்க."

பாய் என் சட்டையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "எங்க போற நீ?"

"எங்க தம்பிய கப்பல் ஏத்தப் போறேன். வழக்கந்தானே. நீங்க வண்டியப் பாத்துக்கினு இருங்க."

"பஸ்லயா?"

"பஸ்ஸு போவுது. உங்க வண்டி போவல. அவ்ளோதாங்க வித்தியாசம்."

நான் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இஸ்மாயில் பெட்டியோடு முன்னால் ஓடினார். கண்டக்டர் டின்னை மோந்து பார்த்தார்.

"யோவ், கருவாடா? உள்ள ஏத்தாத, மேல போடு. கப்பல் சாமானா? சீக்கிரம், சீக்கிரம்."

மேலே போட்டோம். பஸ் நகர்ந்தது. இஸ்மாயில் ஜன்னல் வழியாகப் பாயைத் தேடினார். பாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம், காருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஸலாம் கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஸலாம் சொல்லி முடிக்கிற வரை பஸ் நிற்காது.

திரும்பி வந்து ரோட்டரைப் பாய் கையில் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். வண்டி அவருடையது. ஆள் போயாகிவிட்டது. அதற்குப் பிறகும் பையில் வைத்திருந்தால் அவர் சொன்ன பேர் எனக்குப் பொருந்திவிடும். நிறுத்த வேண்டிய நேரத்துக்கு நிறுத்தலாம். அதற்கு மேல் அடுத்தவன் சாமான் நம் பையில் இருக்கக் கூடாது.

"பாய், ஓட்டாதீங்க. ரெண்டு நாள்ல இறக்கிச் செஞ்சி குடுக்கறேன்" என்றேன்.

"உன் மூஞ்சில இனிமே முழிக்க மாட்டேன்" என்றார். "சீர்காழிக்குள்ள அந்த பஸ்ஸப் புடிச்சி, மச்சான எறக்கி, என் வண்டில ஏத்திக் கொண்டுபோறனா இல்லியா பாரு."

கடலூர் மேஸ்திரி ரோட்டரை மாட்டினார். ஒரு கையால் மாட்டத் தெரியாமல் திணறினார். நான் உதவிக்குப் போகவில்லை. மளிகைக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். என்ன என்று கேட்கவில்லை. மஞ்சள் கறை பேப்பருக்கு வெளியே தெரிந்தது. கேன்களில் தண்ணீர் பிடித்து ஏற்றினார்கள். கிளம்பினார்கள். கார் தெற்கே திரும்பியது. நல்ல பளபளப்பு.

மறுநாள் காலையில் ஷெட்டைத் திறந்து கொஞ்ச நேரத்தில், நாகப்பட்டினம் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஜெய்னம்பு அம்மா இறங்கினார். ராத்திரி நாகூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார். கடலூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"கப்பல் ஏறிட்டாரா?" என்று கேட்டேன்.

"ஏறிட்டான் மேஸ்திரி. கடசிப் படகுதான். படகு போயி, அவ்ளோ பெரிய கப்பல்ல எறும்பாட்டம் ஏறினாங்க. மேலேர்ந்து கைய ஆட்டறாங்க. எந்தக் கை எங்க தம்பி கைன்னு தெரியல. எல்லாத்துக்கும் ஆட்டிட்டு வந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்.

"பாயி நேத்தே உங்க பின்னாடி வந்தாரே. பஸ்ஸப் புடிக்கலியா?"

"இல்லியே."

"வழியில எங்கியும் பாக்கலியா?"

"இப்ப வரச்சொல்ல பாத்தேன். கொள்ளிடம் பாலம் தாண்டி, வல்லம்படுகைகிட்ட. வண்டி ஓரமா நிக்குது. மூடி தொறந்து கெடக்குது. இவுங்க புளியமரத்தடில குந்தினு இருக்காங்க. அந்த மேஸ்திரியக் காணம். ஆள கூட்டியாறேன்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு."

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லலியா?"

"கண்டக்டரு கேட்டாரு, தெரிஞ்சவுங்களாம்மா, நிறுத்தட்டுமான்னு."

"என்னா சொன்னீங்க?"

"'அவுங்க வண்டி வச்சிருக்கறவுங்க, பஸ்ல ஏறமாட்டாங்க, நீ போ'ன்னேன்."

நான் உள்ளே போய்க் கயிற்றை எடுத்தேன். மாட்டு வண்டிக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். டூல் பையைத் தேடினேன். அவசரத்தில் கைக்குக் கிடைக்கவில்லை. அந்த அம்மா சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"மெள்ளப் போங்க மேஸ்திரி. இப்ப யாருக்கும் கப்பல் இல்ல."